அம்மன் காலடியில் வைத்த கொயினா

அந்த நாளில் எங்கள் தோட்டத்துக்கு மருந்து வந்தது என் மாட்டு வண்டியில்தான். விடிகிற நேரத்தில் புறப்பட்டு, ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, செம்மண் சடக்கு வழியாக ஈப்போவுக்குப் போவேன். ரயிலடிக்குப் பக்கத்து மருந்துக் கிடங்கில் தோட்டத்துச் சீட்டைக் கொடுத்தால் ஒரு மரப்பெட்டியைத் தூக்கி வண்டியில் வைப்பார்கள். புண்ணுக்குப் போடும் களிம்பு, பேதி மருந்து, கட்டுத் துணி எல்லாம் அதில் இருக்கும். ஆனால் பெட்டியில் பாதிக்கு மேல் குளிர்காய்ச்சல் மருந்தான கொயினாதான். எங்கள் பக்கத்துச் சதுப்பிலும் கித்தா என்கிற ரப்பர் காட்டிலும், நாங்கள் வரிசையாய்க் குடியிருக்கும் லயங்களில் குளிர்காய்ச்சல் தொடாதது ஒன்றுகூடக் கிடையாது. கொயினா தீர்ந்தால் ஆள் போய்விடும். அதற்கு மேல் பேச்சில்லை.

என் மனைவி அப்படித்தான் போனாள். அவள் போன அன்று ஈப்போவில் ஒரு பெட்டி மருந்து இருந்தது. எங்கள் கோயிலிலும் ஒரு கலயம் நிறைய மாத்திரை இருந்தது. அது எப்படி நடந்தது என்று எழுதி வைக்கவே உட்கார்ந்திருக்கிறேன். ஊரில் மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். அம்மனை நினைத்துக்கொண்டு, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முன்பெல்லாம் மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான் மருந்துக்குப் போவேன். ஒரு தடவைக்கு மூன்று பெட்டி ஏறும். பிறகு கித்தா விலை விழுந்தது. தோட்டத்துத் துரை எல்லாவற்றையும் குறைத்தார். ஆட்களைக் குறைத்தார், எண்ணெயைக் குறைத்தார், மருந்திலும் கை வைத்தார். மூன்று மாத மருந்தை அலமாரியில் பூட்டி வைப்பது வீண் என்று சொல்லி, மாதத்துக்கு ஒரு பெட்டி போதும் என்று உத்தரவு போட்டார். தீர்ந்தால் வண்டிதான் இருக்கிறதே என்றாராம். வண்டி இருந்தது. பாலம் மரப்பாலம் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

அந்த வருஷக் கடைசி மழையிலேயே பாலம் போயிற்று. எட்டு நாள் வழி இல்லை. நாலாம் நாள் ஆஸ்பத்திரி அலமாரி காலி. பழைய லயத்தில் இரண்டு பேர் செத்தார்கள். ஒருவர் என் வண்டிக்கு மூங்கில் வெட்டிக் கொடுத்தவர்.

நான் அப்போது கோயில் காரியம் பார்த்துக்கொண்டிருந்தேன். தகரக் கூரை போட்ட சின்ன மாரியம்மன் கோயில். ஆடித் திருவிழா, கூழ் ஊற்றுவது எல்லாம் என் பொறுப்பு. கூழுக்கு அரிசி எப்படிச் சேரும் என்றால், லயத்துப் பெண்கள் உலை வைக்கும்போது தினமும் ஒரு பிடி அரிசியை எடுத்து அம்மன் கலயத்தில் போடுவார்கள். வீட்டுக்கு அது குறைவாகவே தெரியாது. ஆடி வந்தால் மூட்டை சேர்ந்திருக்கும். அந்த இரண்டு பிணத்தையும் புதைத்துவிட்டு வந்த அன்று எனக்குத் தோன்றியது: கொயினாவிலும் பிடி அரிசி எடுத்தால் என்ன?

காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்கு வருகிறவர்களுக்கு, எங்கள் ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொள்ளும் டிரெஸர் கொயினாத் தண்ணியைத் தன் கண் எதிரிலேயே குடிக்க வைப்பார். வீட்டில் இருப்பவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் மாத்திரை கொடுப்பார். அந்த மாத்திரையைச் சிலர் விழுங்கவே மாட்டார்கள். ஈயச் சுரங்கத்து ஆட்களிடம் கொடுத்துச் சுருட்டு வாங்கிவிடுவார்கள். அப்படி வீணாய்ப் போவதை வீட்டுக்கு ஒன்றாய்ச் சேர்த்து வைத்தால் அடுத்த மழைக்கு ஆகும்.

டிரெஸர் மலையாளத்துக்காரர். கோபக்காரர், ஆனால் நேர்மையானவர். அவரிடம் போய்ச் சொன்னேன்.

"நல்ல புத்திதான். குழந்தைகளோட அளவிலே மாத்திரம் கை வைக்க வேண்டா" என்றார்.

"அப்ப சேர்த்ததை ஆஸ்பத்திரி அலமாரியிலயே வச்சிடலாமா, ஐயா?"

"ஐயோ, வேண்டா! மாசக் கடைசியிலே துரை வந்து அலமாரியை எண்ணும். மிச்சம் கண்டா, அடுத்த பெட்டியிலே அத்தனையும் வெட்டும். மிச்சம் பிடிச்சவனுக்குத்தான் தண்டனை. வெளியே எங்கேயாவது வை. ஈரம் படாம வை. பழசை எடுத்துக் கொடுத்துட்டுப் புதுசைப் போடு. மாத்திரை பூசைச் சாமான் இல்லை, அப்படியே வச்சுக் கும்பிட."

கடைசியாகச் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை. எங்கே வைப்பது என்பதுதான் பெரிய பேச்சாய் இருந்தது. என் வீட்டில் வைத்தால் வண்டிக்காரன் ஈப்போவில் விற்றுவிடுவான் என்பார்கள். பூசாரி வீட்டில் வைத்தால் அவர் மச்சான் சுருட்டுப் பிரியன் என்பார்கள். பூசாரியும் எங்களோடு பால் எடுக்கக் கித்தா மரம் வெட்டுகிறவர்தான். நன்றாகச் சிரிப்பார்.

"என் மச்சானை நம்பாதீங்கப்பா. சாமி சூலத்தையே அடகு வைப்பான்" என்று அவரே சொன்னார்.

அப்போதுதான் நான் சொன்னேன், அம்மன் காலடியில் வைப்போம் என்று. புதுக் கலயம் வாங்கி, மஞ்சள் துணியால் வாய் கட்டி, கற்பூரம் ஏற்றி, அம்மனுக்குக் காணிக்கை என்று எல்லோரும் சத்தியம் செய்தோம். கை வைக்கிறவன் குடும்பம் விளங்காது என்று என் வாயாலேயே சொன்னேன். எனக்குப் பெருமையாக இருந்தது. பூட்டு வேண்டாம், காவல் வேண்டாம். ஒரு மாத்திரை குறையாது.

வீட்டுக்கு வந்து சொன்னபோது என் மனைவி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்தவில்லை.

"சாமிக்குன்னா சொன்னீங்க?"

"ஆமா. இல்லாட்டி நிக்குமா?"

"சாமிக்குன்னு சொல்லிட்டா அது சாமியோடது. நமக்குன்னு வைக்கிறதை நமக்குன்னுதான் சொல்லணும். நான் ரெண்டு கலயம் வச்சிருக்கேன்ல, பாத்ததில்லையா? ஒண்ணு அம்மனுக்கு. ஒண்ணு மழைக்கு."

"ஒனக்குச் சாமி மேல நம்பிக்கை பத்தாது" என்றேன்.

"இருக்கு, இருக்கு. ஒங்க மேலதான் பத்தாது" என்று சொல்லிச் சிரித்தாள். அதோடு விட்டுவிட்டாள்.

ஒரு வருஷத்தில் கலயம் நிறைந்துவிட்டது. ஒவ்வொரு ஞாயிறும் மாத்திரையை எண்ணாமல் துணியை விலக்கிப் போடுவோம். பழையதை எடுத்துக் கொடுத்துப் புதியதைப் போடுவது என்கிற பேச்சே எழவில்லை. காணிக்கையை யார் எடுப்பது? செவ்வாய், வெள்ளியில் அபிஷேகத் தண்ணீர் கலயத்தின் அடியை நனைத்துக்கொண்டு ஓடியது. அதைப் பார்த்து நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

மறு வருஷ மழையில் பாலம் மறுபடியும் போயிற்று. இந்த முறை தூண்களையும் பிடுங்கிக்கொண்டு போனது. நான் கரையில் நின்று பார்த்தேன். தண்ணீர் செம்பழுப்பாய், வேரோடு மரங்களை உருட்டிக்கொண்டு ஓடியது. கீழ்க்கரைக் கம்பத்துக்கு, அதாவது மலாய்க்காரர்களின் கிராமத்துக்கு, போய் இருவரிடம் தோணி கேட்டேன். ஒருவர் ஆற்றையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அவர் மேல் குற்றம் இல்லை. தோட்டத்துக்குப் பின்னால் சதுப்பு. முன்னால் ஆறு. நடுவில் நாங்களும், இருபத்தெட்டு நாள் எடுத்துத் தேய்ந்துபோன ஒரு பெட்டி மருந்தும்.

இரண்டாம் நாள் என் மகளுக்குக் காய்ச்சல் கண்டது. அப்போது அவளுக்கு ஆறு வயது. டிரெஸர் எல்லோருக்கும் பாதி அளவாய்க் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் திருநீறு பூசி, அம்மன் முன்னால் விழுந்து எழுந்தேன். நாலாம் நாள் காலையில் ஆஸ்பத்திரி அலமாரி துடைத்தாற்போல் காலியாகிவிட்டது. அன்று மத்தியானம் என் மனைவி அடுப்பங்கரையில் சுருண்டு படுத்திருந்தாள். மூன்று சாக்கு போர்த்தியும் பல் அடித்துக்கொண்டது.

"கலயம் இருக்குல்ல. போய்த் தொறங்க" என்றாள்.

அன்று சாயங்காலமே கோயிலில் கூடினோம். லயம் முழுக்கக் காய்ச்சல். எல்லோர் கண்ணும் கலயத்தின் மேல்தான். பூசாரிதான் ஆரம்பித்தார்.

"காணிக்கை போட்டது போட்டதுதான். நாம எடுத்துட்டா, காய்ச்சலோட அம்மையும் வந்து எறங்கும். யாரு பொறுப்பு?"

"நம்ம பிள்ளைங்களுக்குத்தானே சேர்த்தோம்?" என்றது ஒரு குரல்.

"அப்ப எதுக்கு அம்மனுக்குன்னு சத்தியம் பண்ணினீங்க?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சத்தியம் என் யோசனை. தப்பாய்ச் சொல்லிவிட்டேன், அம்மா பொறுத்துக்கொள்வாள் என்று சொல்லித் துணியை அவிழ்த்திருந்தால் ஒருவரும் கையைப் பிடித்திருக்க மாட்டார்கள். ஆனால் குடும்பம் விளங்காது என்று சொன்னதும் என் வாய்தான். என் குடும்பம் அங்கே சாக்குக்குள் நடுங்கிக்கொண்டிருந்தது. பயந்துவிட்டேன்.

"பூக்கட்டிக் கேப்போம்" என்றேன்.

வெள்ளைப் பூவை ஒரு பொட்டலம், சிவப்புப் பூவை ஒரு பொட்டலம் கட்டி அம்மன் காலடியில் போட்டு ஒன்றை எடுப்பது. வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் கூடாது. ஒரு காரியத்துக்கு ஒரு நாளில் ஒரு தடவைதான் கேட்கலாம். காணிக்கை கட்டியவன் கையால்தான் எடுக்க வேண்டும் என்றார் பூசாரி. கண்ணை மூடிக்கொண்டு எடுத்தேன். செம்பருத்தி.

வீட்டுக்குத் திரும்பியபோது அவள் நடுக்கம் விட்டு வேர்த்துக் கிடந்தாள்.

"குடுத்தாளா?" என்று கேட்டாள்.

"நாளைக்குக் குடுப்பா" என்றேன்.

மறுநாள் காலையில் பூக்கட்டும் நேரத்தில் டிரெஸர் வந்தார். முழங்கால் வரை சேறு. தூங்கி எத்தனை நாளோ. விஷயம் கேட்டதும் காலணியோடு கோயில் வாசலில் ஏறிவிட்டார்.

"இது எந்தா கூத்து? அம்மனுக்குக் காய்ச்சல் வருமோ? அவளுக்கு எதுக்கு ஒரு கலயம் கொயினா? எடுத்துத் தா!"

வீட்டில் மனைவி காய்ச்சலில் காய்ந்துகொண்டிருக்கிற புருஷன் என்ன செய்திருக்க வேண்டும்? அவர் காலில் விழுந்திருக்க வேண்டும். நான் அவர் காலைத்தான் பார்த்தேன். காலணியைப் பார்த்தேன்.

"செருப்போட ஏறாதீங்க, ஐயா. எறங்குங்க மொதல்ல. இது ஒங்க ஆஸ்பத்திரி இல்ல" என்று கத்தினேன். கூட்டமும் என்னோடு சேர்ந்து கத்தியது. அவர் இறங்கினார். கண்ணில் தண்ணீர் நின்றதைப் பார்த்தேன். பார்த்தும் என் மனசு அசையவில்லை. அம்மனின் மரியாதையைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

பொட்டலத்தை எடுத்தேன். மறுபடியும் சிவப்பு.

அன்று என் மகளுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. கஞ்சி கேட்டாள். பார்த்தாயா, மருந்தே இல்லாமல் அம்மா குணப்படுத்துகிறாள் என்று என் மனைவியின் காதருகில் சொன்னேன். அவள் மகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தெம்பு இல்லை என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் விடிந்தபோது கூப்பிட்டும் அவள் திரும்பவில்லை. கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. நான் கோயிலுக்கு ஓடினேன். பூ கட்டவில்லை, கற்பூரம் ஏற்றவில்லை, ஒருவரையும் கேட்கவில்லை. மஞ்சள் துணியைப் பல்லால் கிழித்தேன். பூசாரி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தடுக்கவில்லை. அம்மனும் தடுக்கவில்லை. முதல் நாள் திறந்திருந்தாலும் தடுத்திருக்க மாட்டாள்.

கலயத்தில் மேலே இருந்த மாத்திரைதான் மாத்திரையாய் இருந்தது. கீழே பாதிக்கு மேல் ஈரத்தில் கரைந்து, மஞ்சள் ஏறி, கூழாய் இறுகிக் கிடந்தது. அதைச் சுமந்துகொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டிரெஸர் அதைக் கையில் வாங்கிக்கொண்டார். தாம்பாளத்தில் கொட்டி, நல்லதைப் பொறுக்கிப் பிரித்தார். குழந்தைகளுக்கு என்று ஒரு பங்கை ஒதுக்கிவிட்டு, என்னோடு லயத்துக்கு வந்தார். இரண்டு மாத்திரையைப் பொடித்து, தண்ணீரில் குழைத்து, கரண்டியால் அவள் வாயில் விட்டோம். கடைவாய் வழியாக வெளியே வந்தது. மறுபடி விட்டோம். மறுபடியும் வந்தது.

"ஊசி மருந்து இருந்தா…" என்றார் டிரெஸர். அது ஆற்றுக்கு அந்தப் பக்கத்தில் இருந்தது.

மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது.

கலயத்து மாத்திரையில் மற்ற லயத்துக் குழந்தைகள் பிழைத்தார்கள். ஊரே என் யோசனையைப் புகழ்ந்தது. அம்மன் கலயம் காப்பாற்றியது என்றார்கள். எனக்கு அந்தப் பேச்சைக் கேட்டாலே எழுந்து போய்விடத் தோன்றும்.

அவளைப் புதைத்த ஆறாம் நாள் தற்காலிகப் பாலம் போட்டார்கள். வேறு வண்டி இல்லை. நான்தான் போக வேண்டியிருந்தது. கிடங்கில் பெட்டி ஆணி அடித்துத் தயாராய் இருந்தது.

"பத்து நாளா எடத்த அடைச்சிக்கிட்டு இருக்கு. ஏன் வரல?" என்று கேட்டார் கிடங்கு ஆள்.

"பாலம் போச்சு."

"அப்படியா? ரொம்ப சூசாதான் லா, கஷ்டந்தான்" என்றார். வேலையைப் பார்க்கப் போய்விட்டார். வரும் வழியெல்லாம் பெட்டியின் மேல் என் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு வந்தேன். அதைப் பார்க்க முடியவில்லை.

காரியம் முடிந்த பிறகு ஒரு நாள், பக்கத்து வீட்டுப் பெண் என் மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். என் மனைவியை அக்கா அக்கா என்று சுற்றிக்கொண்டிருந்தவள். மகள் பிழைத்ததற்கு அம்மனுக்குப் பொங்கல் வைக்க வேண்டும் என்று நான் சொன்னேன். அவள் சீப்பைக் கீழே வைத்தாள்.

"அண்ணே, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. இவ எப்படிப் பொழச்சான்னு நெனச்சீங்க?"

"ஏன்?"

"அக்கா அரிசிக் கலயத்துல மாத்திரை வச்சிருந்துச்சு. அம்மன் கலயம் இல்ல, அந்த ரெண்டாவது. துணியில முடிஞ்சு அரிசிக்குள்ள பொதைச்சு. சத்தியம் பண்ணிட்டீங்களேன்னு ஒங்ககிட்ட சொல்லல. ஒங்களுக்குப் பயம். அதைத்தான் வேளைக்கு ஒண்ணா இவளுக்குக் குடுத்துச்சு."

நான் மகளைப் பார்த்தேன். அந்தப் பெண் நிறுத்தவில்லை.

"தனக்குக் காய்ச்சல் வந்த அன்னிக்கு இன்னும் நாலு மிச்சம் இருந்துச்சுண்ணே. ரெண்டையாச்சும் நீ போட்டுக்கக்கான்னு கெஞ்சுனேன். 'இவளுக்கு இன்னும் முழுசா விடல. அவுங்க கலயத்தத் தொறந்துடுவாங்க, நான் அதுல போட்டுக்கறேன்'னுச்சு."

எழுந்து உள்ளே போனேன். அந்தக் கலயம் அடுப்புக்கு மேல் பரணில், புகை படுகிற இடத்தில் இருந்தது. அரிசிக்குள் கையை விட்டேன். அவள் பழைய சேலைத் துண்டு ஒன்று, முடிச்சு அவிழ்ந்து கிடந்தது. உதறினால் வெள்ளைத் தூள் கொஞ்சம் விழுந்தது. ஈரமே ஏறவில்லை.

அடுத்த மழைக்கு முன்னால் எல்லாவற்றையும் மாற்றினோம். டிரெஸர் சொன்னபடி செய்தேன் என்று எழுதினால் பொய். அவள் செய்து வைத்திருந்தபடி செய்தேன். லயத்துக்கு ஒரு தகர டின், ஒரு பெண்ணின் பொறுப்பில், அடுப்புப் பரணில், வறுத்த அரிசிக்குள். ஞாயிற்றுக்கிழமை புது மாத்திரை வந்தால் டின்னிலிருந்து பழையதை எடுத்து விழுங்கிவிட்டுப் புதியதைப் போட வேண்டும். யாரும் சத்தியம் செய்ய வேண்டாம். கற்பூரம் வேண்டாம். காய்ச்சல் கண்டவன் கேட்டால் அப்போதே கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் சட்டம்.

பாலத்துக்கு இந்தப் பக்கம் மளிகைக் கடை வைத்திருந்த பாயிடம் போனேன். மழைக்காலத்துக்கு முன்பே ஒரு டின் இங்கே வைத்துக்கொள்வீர்களா என்று கேட்டேன். துரைக்குத் தெரியாமல் டிரெஸர் மிச்சம் பிடித்த ஊசி மருந்தும் அதில் இருந்தது. பாய் எனக்கு நடந்தது தெரிந்தவர்.

"என் தொழுகைப் பாய்க்குப் பக்கத்துல வைக்கிறேன், தம்பி. பத்திரமா இருக்கும்" என்றார்.

"வேணாம் பாய். அரிசி மூட்டைக்குப் பக்கத்துல வைங்க" என்றேன். அவர் மூட்டையை நகர்த்தி இடம் செய்தார்.

டிரெஸரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். "காலணி என் தப்புதான்" என்றார். அதற்கு மேல் என்னைப் பேச விடவில்லை. பிறகு அவர் வேறு தோட்டத்துக்கு மாற்றலாகிச் சித்தியவான் பக்கம் போய்விட்டார்.

இப்போது ஆற்றின் மேல் இரும்புப் பாலம் வந்துவிட்டது. மருந்தை லாரி கொண்டுவருகிறது. என் மாட்டை விற்றுவிட்டேன். புது துரை லயத்தைச் சுற்றிப் பார்க்க வந்தபோது பரண் மேல் டின்னைக் கண்டு, கணக்கெழுதும் கிராணியிடம் என்னவோ கேட்டார். இனிமேல் இதெல்லாம் தேவையில்லை, திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று கிராணி வந்து சொன்னார். சரி என்றோம். கொடுக்கவில்லை.

செவ்வாய், வெள்ளி நான் கோயிலுக்குப் போகாமல் இருந்ததில்லை. விழுந்து கும்பிடுகிறேன். திருநீறு பூசிக்கொள்கிறேன். அம்மன் மேல் எனக்குக் கோபம் இல்லை. இரண்டு சிவப்பை எடுத்தது என் கை. ஆனால் அன்றிலிருந்து எதற்கும் பூக்கட்டிக் கேட்டதில்லை.

மகள் இப்போது உலை வைக்கிறாள். அவள் அம்மா வைத்த இரண்டு கலயமும் அதே இடத்தில் இருக்கின்றன. அம்மன் கலயத்தில் ஒரு பிடி போடுகிறாள், மழைக் கலயத்தில் ஒரு பிடி போடுகிறாள். ஞாயிற்றுக்கிழமை மாத்திரை வாங்கி வந்ததும் பழையதை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, தண்ணீர்ச் செம்போடு எதிரில் நிற்கிறாள்.

"முழுங்குங்கப்பா. வாயைத் தொறந்து காட்டுங்க."

காட்டுகிறேன்.